கழுத்து முறுக்கி வானம் பார்க்கும் பெட்டைக்கோழி: அறுத்துவிடச் சொல்கிறார்கள்

சுங்கை சிப்புட் அக்கா

வணக்கம். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த பிறகும் நான் கோழி வளர்ப்பதை விடவில்லை. பின்கட்டில் ஒரு சேவலும் சில கம்பத்து நாட்டுப் பெட்டைகளும் இருக்கின்றன. பக்கத்துத் தெரு நாய் ஒரு விடைக்கோழியைக் கவ்விக்கொண்டு போனதிலிருந்து எல்லாவற்றையும் கம்பிக் கூண்டுக்குள்ளேயே அடைத்து வைத்திருக்கிறேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மிஞ்சிய சோறுதான் தீனி. சாப்பாட்டுக் கடையில் மீந்த சோற்றையும் மகன் வாங்கி வருவான்.

செவலைப் பெட்டை சில நாளாகச் சரியாகத் தின்னவில்லை. நேற்று காலை கூண்டைத் திறந்தால், காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறது. தலை பின்பக்கமாக வளைந்து கொண்டை முதுகைத் தொடுகிறது, அலகு வானத்தைப் பார்க்கிறது. கையால் நேராக்கினேன், விட்டதும் மறுபடியும் முறுக்கிக்கொண்டது. எழுந்து நடக்கப் பார்த்தால் பின்னால் சரிந்து விழுகிறது. கண் மட்டும் தெளிவாக இருக்கிறது.

மாமியார் காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடித்தார். எதிர்வீட்டு அண்ணன், பாம்பு தீண்டியிருக்கும், அறுத்துப் புதைத்துவிடு என்கிறார். தாயில்லாத வாத்துக் குஞ்சைத் தன் குஞ்சோடு சேர்த்து வளர்த்த கோழி இது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கறுப்புப் பெட்டை கூண்டு மூலையில் கொட்டிய சாம்பலில் ஒருக்களித்துப் படுத்துக் காலை உதைக்கிறது, இறக்கையை அடிக்கிறது. அதற்கும் இதே நோய் ஒட்டிக்கொண்டதா?

கூலிம் கோழிக்காரன்

அக்கா, இது வெள்ளைக்கழிச்சல்தான். போன மழைக்காலத்தில் எங்கள் கொட்டகையையே துடைத்துவிட்டுப் போனது. பிழைத்த இரண்டொன்றுக்குக் கழுத்து இப்படித்தான் திருகியிருந்தது. இரக்கம் பார்த்தால் மிச்சமும் போய்விடும். உடனே அப்புறப்படுத்துங்கள்.

பழைய டிரஸ்ஸர், பீடோர்

அவசரப்பட்டு அறுக்காதீர்கள், தங்கச்சி.

கறுப்புப் பெட்டைக்கு ஒன்றுமில்லை, அது மண்குளியல். சாம்பலை இறகுக்குள் வாரிப்போட்டுப் பேனை உதிர்க்கிறது. எழுந்து உடம்பை உதறிவிட்டு ஓடினால் கவலையே வேண்டாம்.

செவலையைப் பற்றிக் கூலிம் தம்பி சொன்னதைத் தள்ளிவிட முடியாது. வெள்ளைக்கழிச்சலில் தப்பிய கோழிக்கும் கழுத்து திருகும். ஆனால், தடுப்பூசி போடாத கூண்டுக்குள் அந்த நோய் ஒரே கோழியோடு நிற்பது அபூர்வம். மற்றவை வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றனவா, எச்சம் பச்சையாக நீர்த்துப் போகிறதா, தோல்முட்டை விழுகிறதா என்று பாருங்கள். இதில் எதையும் நீங்கள் எழுதவில்லை. நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது சோறு.

தோட்ட ஆஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெரிய டிரஸ்ஸர், அதாவது மருத்துவ உதவியாளர், எங்களை உட்காரவைத்துச் சொன்ன பாடம் பெரிபெரி. பி1 என்ற வைட்டமின் சத்துக் குறைந்து நரம்பு தளரும் நோய் அது. 1890களில் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். தீட்டாத அரிசியைப் போட்டதும் அவை தேறின. அந்தப் பணிக்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் மலாயாவிலும் பிராடன் என்ற மருத்துவர், வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாட்டியதையும், புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அது பெரும்பாலும் தொடாததையும் 1907இல் எழுதினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தோட்டத்து ஏழைச் சனத்தைக் காத்தது அந்தப் புழுங்கல் சோறு. இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

உங்கள் கோழிக்குக் கிடைப்பது கடையின் வெள்ளைச் சோறு. வெளியே மேய்ந்தவரை புழுவும் பூச்சியும் விதையும் அந்தக் குறையை ஈடுகட்டின. அடைத்த பிறகு அதுவும் போயிற்று. பி1 அறவே இல்லாமல் போனால் வளர்ந்த கோழி ஏறக்குறைய மூன்று வாரத்தில் இப்படி வானம் பார்க்கத் தொடங்கும்.

தீனியில் மருந்தைக் கலந்து பயனில்லை, அது தின்னாது. மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கிப் பாதியைப் பொடித்து வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். கோழியைப் பழைய கைலியில் சுற்றி மடியில் வைத்து, தலையை நேராகத் தாங்கிக்கொண்டு, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நாக்குக்குப் பின்னால், அதன் அடிவேரில், சிறு பிளவு ஒன்று திறந்து மூடுவதைப் பார்ப்பீர்கள். அது மூச்சுக்குழாய். தண்ணீர் அதில் இறங்கினால் கோழி போய்விடும். ஒவ்வொரு சொட்டையும் அது விழுங்கிய பிறகே அடுத்தது. காலையும் மாலையும் கொடுங்கள்.

சத்துக்குறைவுதான் என்றால் சில மணி நேரத்திலேயே மாற்றம் தெரியும். வெள்ளைக்கழிச்சல் என்றால் மருந்தே கிடையாது, அது வைரஸ். எதுவென்று தெளியும்வரை தனிக்கூடையில் வையுங்கள், தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மற்ற கோழிகளும் அடுத்தடுத்து விழுந்தால் வெட்டரினார் (கால்நடை மருத்துவ) அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். செத்ததைக் கால்வாயில் வீசவோ சமைக்கவோ கூடாது.

சுங்கை சிப்புட் அக்கா

ஐயா, உங்களுக்குக் கோடி புண்ணியம். மற்றவற்றின் எச்சம் கெட்டியாக, வெள்ளை முனையோடுதான் இருக்கிறது, மூச்சிலும் குறையில்லை. நேற்று மதியம் மருந்து கொடுத்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் தலையைத் தானே முன்னுக்குக் கொண்டுவந்தது. இன்று காலை தவிட்டைப் பிசைந்து நீட்டினேன், கொத்தியது! கழுத்து இன்னும் நடுங்குகிறது, கால் பரவாயில்லை. மாமியார் வேப்பிலையால்தான் என்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும். இனி என்ன தீனி போடுவது?

பழைய டிரஸ்ஸர், பீடோர்

மிக்க மகிழ்ச்சி. சோற்றைக் குறைத்துவிடுங்கள். தவிடும் கடைத் தீனியும் பாதிக்கு மேல் இருக்கட்டும். டெடாக் என்று கேட்டால் கடையில் தவிடு கொடுப்பார்கள். புளித்த வாடை அடித்தால் வாங்காதீர்கள். சாயங்காலம் நீங்கள் பின்கட்டில் இருக்கும் நேரத்திலாவது மேய விடுங்கள். செவலைக்கு மருந்தை இன்னும் ஒரு வாரம் தொடருங்கள்.

கூலிம் கோழிக்காரன்

ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அக்கா, வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தை விட்டுவிடாதீர்கள். செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்தில், இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தில், அய்னி இடெரிஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1980களில் ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து வெயில் தாங்கும் வி4 தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். கம்பத்துக் கோழிகளைத் துரத்திப் பிடிக்க முடியாதே என்று தீனியில் கலந்து கொடுக்கும்படி அதைச் செய்து பார்த்தார்கள். இப்போது உங்கள் வட்டாரத்தில் எந்தத் தடுப்பு மருந்து கிடைக்கிறது என்று வெட்டரினார் அலுவலகத்தில் கேளுங்கள். செவலை முழுதாகத் தேறிய பிறகு அதற்குக் கொடுங்கள். மற்றவற்றுக்கு இப்போதே கொடுக்கலாம்.