லெஸ்டரில் முதல் வருஷம்: ஹாலா, சீனியர் வீடா?

செய்யாறு_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பரில் எம்.எஸ்சி. படிக்க இங்கிலாந்தில் லெஸ்டர் வருகிறேன். பல்கலைக்கழக ஹாலில், அதாவது மாணவர் விடுதியில், ஓர் அறை கிடைத்திருக்கிறது, வாரம் 160 பவுண்டு, 51 வார ஒப்பந்தம். எங்கள் கல்லூரி சீனியர்கள் ஆறு பேர் நார்பரோ ரோடு பக்கம் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். அங்கே ஒருவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டால் மாதம் 280 போதும் என்கிறார்கள். அப்பா நிலத்தை அடமானம் வைத்துத்தான் அனுப்புகிறார். எதை எடுக்கலாம்?

பொதிகைக்காற்று:
யோசிக்கவே வேண்டாம் தம்பி, சீனியர் வீட்டுக்குப் போ. நான் 2022இல் ஹாலுக்குத்தான் வந்தேன். ஹீத்ரோவில் பஸ் பிடித்து வந்து இறங்கும்போது ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி. இங்கே ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறக்கலாம் என்று சட்டமே இருக்கிறது, அதனால் நாலு மணிக்கே மூடிவிட்டார்கள். அறையில் வெறும் மெத்தை, தலையணையும் இல்லை போர்வையும் இல்லை. பெட்டியில் இருந்த வேட்டியையும் ஜெர்க்கினையும் போர்த்திக்கொண்டு, அம்மா கொடுத்த முறுக்கைத் தின்றுவிட்டுப் படுத்தேன். சமையலறை ஆறு பேருக்குப் பொது, ஆனால் மூன்று வாரம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஒருநாள் கடுகு தாளித்தேன், புகை அலாரம் அடித்து ராத்திரி பத்தரை மணிக்கு மொத்தக் கட்டடமும் குளிரில் வெளியே வந்து நின்றது. அன்றைக்கு அப்புறம் சமைக்கவே பயம், ரொட்டியும் ஜாமும்தான். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஒரு தமிழ்ப் பையன் அவன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ரசம் சாதம் போட்டான், சாப்பிட்டுக்கொண்டே அழுதுவிட்டேன். அந்த மூன்று மாதம் உனக்கு வேண்டாம்.

காவிரிக்கரை:
அண்ணா, நீங்கள் பட்டது புரிகிறது, ஆனால் இந்தப் பையனை நம்பி அனுப்புகிற இடம் சரியில்லை. நான் 2023இல் அப்படி ஒரு வீட்டுக்குத்தான் போனேன். மூன்று படுக்கையறை, ஏழு பெண்கள், ஒப்பந்தத்தில் பெயர் இருந்தது நாலு பேருக்கு. டெபாசிட்டை ஓர் அக்கா கையில் ரொக்கமாகக் கொடுத்தேன், ரசீது கேட்கத் தோன்றவில்லை, நம்ம ஊர்க்காரர்தானே என்று இருந்துவிட்டேன். வீட்டுக்காரர் பார்க்க வரும் நாளில் மீதி மூன்று பேரும் பெட்டி படுக்கையோடு விக்டோரியா பார்க்கில் போய் உட்கார வேண்டும், அவர் போனதும் மெசேஜ் வரும், திரும்பி வருவோம். வங்கிக் கணக்குக்குப் பல்கலைக்கழகக் கடிதம் வாங்கப் போனால் முகவரி கேட்டார்கள், இந்த முகவரியைத் தராதே என்று அந்த அக்கா சொல்லிவிட்டார். ஜி.பி.யிலும், அதாவது அந்தப் பகுதி டாக்டரிடமும், பதிய முடியவில்லை. ஏப்ரலில் கிளம்பும்போது டெபாசிட் வரவில்லை. என் பெயர் எந்தத் தாளிலும் இல்லை, நான் எதைக் காட்டிக் கேட்பேன்?

மழைக்குடை:
ஒன்றை மட்டும் திருத்துகிறேன். இங்கிலாந்தில் ஜி.பி.யில் பதிய முகவரிச் சான்று கட்டாயமில்லை, அடையாள அட்டையும் கட்டாயமில்லை. வரவேற்பில் இருப்பவர் கேட்டாலும் இதைச் சொல்லலாம். தம்பி, விசாவோடு வருஷத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணமும் கட்டியிருப்பாய், வந்த வாரமே பதிந்துகொள்.

பொதிகைக்காற்று:
காவிரிக்கரை, ஓர் அக்கா உங்களை ஏமாற்றினார் என்பதற்காகச் சேர்ந்து வாழ்கிற எல்லாரையும் அப்படிப் பார்க்கலாமா? கணக்கைப் பாருங்கள். ஹால் 8160 பவுண்டு, சீனியர் வீடு 3360. நிலத்தை அடகு வைத்த குடும்பத்துக்கு 4800 பவுண்டு வித்தியாசம். விசாப்படி படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், அந்தச் சம்பளத்தில் இதை எப்படி ஈடுகட்டுவான்? போய்ப் பார்த்துவிட்டு மாறிக்கொள்ளலாம் என்றும் நினைக்க முடியாது. ஹாலில் கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் முழுக் காலத்துக்கும் வாடகை, நமக்குப் பதில் ஆள் பிடித்துக் கொடுத்தால்தான் விடுவார்கள்.

காவிரிக்கரை:
வாடகைக் கணக்கு சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் 280 என்பது 280ஓடு நிற்காது. எங்கள் வீட்டில் ஒரு பெண் படிப்பு முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எல்லாரும் முழுநேர மாணவராக இருந்தால்தான் வீட்டுக்குக் கவுன்சில் வரி (நம்ம ஊர் வீட்டு வரி மாதிரி) இல்லை, ஒருவர் மாறினாலும் பில் வந்துவிடும். அதை மாணவர்கள் கட்ட வேண்டியதில்லை என்பது எங்களுக்குத் தெரியாது, ஏழாகப் பிரித்துக் கட்டினோம். பையன் சீனியர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த ஆறு பேரில் எத்தனை பேர் இன்னும் படிக்கிறார்கள் என்பது. அப்புறம், வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் வீட்டுக்கு உரிமம் வேண்டும். டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது, வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். இந்தச் சட்டத்தை வைத்துக் கேட்க வேண்டுமானால் முதலில் உன் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, இது என் வருத்தம். அந்த வீட்டில் இருந்த ஏழு மாதமும் நான் ஆங்கிலம் பேசியது கடையில் பில் போடும் இடத்தில்தான். வகுப்பில் பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், நம் கருத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. ஹாலில் ஆறு பேரோடு பால் எங்கே, குப்பை யார் எடுப்பது என்று தினம் பேசியிருந்தால் அந்தத் தயக்கம் உடைந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

பொதிகைக்காற்று:
எனக்கு உடையவில்லையே. தனிமையில் இருப்பவனுக்கு ஆங்கிலம் தானாக வராது, வயிறு நிறைந்து தூங்கி எழுந்தவன்தான் வகுப்பில் வாய் திறப்பான். உணவும் பேச்சுத் துணையும் ஆடம்பரம் இல்லை, முதல் மாதத்தில் அதுதான் பிடிமானம். ஆனால் ஒப்பந்தத்தில் பெயர் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

செய்யாறு_பையன்:
காவிரிக்கரை அக்கா சொன்னதைச் சீனியரிடம் இப்போதுதான் கேட்டேன். ஆறு பேரில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறார்களாம். ஒப்பந்தத்தில் என் பெயர் வருமா என்றதற்கு, "அதெல்லாம் வந்தப்புறம் பாத்துக்கலாம்டா, முதல்ல 300 பவுண்டு அனுப்பி வை" என்கிறார்.

பொதிகைக்காற்று:
அனுப்பாதே தம்பி. அந்த வீடு வேண்டாம். ஹாலை உறுதி செய், அங்கேயே இதைவிட வாடகை குறைந்த அறை இருக்கிறதா என்று மெயில் போட்டுக் கேள். டிக்கெட்டைச் சனிக்கிழமை மதியம் வந்து சேருகிற மாதிரி எடு. கைப்பெட்டியில் ஒரு போர்வை வை. நான் இன்னும் லெஸ்டரில்தான் இருக்கிறேன், பெல்கிரேவ் ரோட்டில் கறிவேப்பிலை கிடைக்கும். வந்து இறங்கியதும் தனிச்செய்தியில் சொல், அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

காவிரிக்கரை:
தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டுவிடு.