பராசக்தியை மும்பையில் பிறந்த பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

கேள்வி (மாட்டுங்கா):
அரோரா திரையரங்கில் தமிழ்ப் படங்கள் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கேயே பிறந்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசும் என் அண்ணன் பிள்ளைகளுக்குச் சென்ற ஞாயிறன்று ‘பராசக்தி’யைப் போட்டுக் காட்டினேன். 1952-இல் வந்த அப்படத்தின் நீதிமன்றக் காட்சி எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தருகிறது. பிள்ளைகளோ ஆங்கிலத் துணைவரிகளைப் படித்துவிட்டு, இவர் ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறார் என்று கேட்டார்கள். மொழியில் தோயாதவரைத் தொடாத படத்தை மகத்தானது என்று சொல்லலாமா?

மறுமொழி (செம்பூர்):
தாராளமாகச் சொல்லலாம், ஐயா. கலைஞரின் வசனத்துக்கு உயிர் அதன் அடுக்கிலும் சந்தத்திலும் இருக்கிறது. துணைவரியில் பொருள் மட்டுமே மிஞ்சும். ஆனாலும் திரைக்கலை என்ற அளவில் நான் ‘அந்த நாள்’ படத்தையே முன்னால் வைப்பேன். 1954-இல் பாட்டு, நடனம், சண்டை எதுவுமின்றி எஸ். பாலசந்தர் எடுத்த படம் அது. ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய 1943-ஆம் ஆண்டில் ஒரு வானொலிப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்படுகிறார்; விசாரிக்கப்படும் ஒவ்வொருவர் வாய்மொழியிலும் அவர் வேறொரு மனிதராகத் தெரிகிறார்.

மறுமொழி (தாராவி):
பாட்டு இல்லாததை ஒரு தகுதியாகக் கருதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏ.பி. நாகராஜனின் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில், காயம்பட்ட கையோடு நாதஸ்வரம் வாசிக்கும் சண்முகசுந்தரத்திடம், சபை முழுவதும் பார்த்திருக்க, மோகனா ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கிறாள். அந்த விசாரிப்பைப் பாட்டு இல்லாமல் எப்படிப் படமாக்குவது? உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பது தெரிந்திருந்தும், சிவாஜியின் கன்னத்தையும் விரல்களையும் பார்க்கும்போது அது நினைவுக்கு வருவதே இல்லை. தமிழ் அரைகுறையாகத் தெரிந்த என் மருமகள் அந்த இடத்தில் கண் கலங்கினாள்.

மறுமொழி (முலுண்ட்):
மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) இன்னும் பேச்சில் வரவில்லையே? ஆற்றங்கரையில் முடியும் அதன் இறுதிக் காட்சிக்குத் துணைவரியே தேவையில்லை.

மறுமொழி (மாட்டுங்கா):
அனைவருக்கும் நன்றி. தாராவி அன்பர் சொன்னபடி இந்த ஞாயிறு ‘தில்லானா’வைப் போடுகிறேன். ‘பராசக்தி’யையும் கைவிடப் போவதில்லை. நீதிமன்ற வசனத்தை முதலில் நானே வாய்விட்டு வாசித்து, ஒவ்வொரு வரியாகப் பிள்ளைகளையும் சொல்ல வைத்த பிறகு, அந்தக் காட்சியை மட்டும் துணைவரியின்றிக் காட்டலாம் என்றிருக்கிறேன்.