ரூட்டர் மோட்டார், ஸ்பிண்டில்: வாங்கியபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

இழைப்புளி, திண்டுக்கல்

நாலடிக்கு நாலடி சிஎன்சி, கணினி சொன்னபடி செதுக்கும் மெஷின். பெரும்பாலும் பூஜை அறைக் கதவு வேலை. வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்தான் ஸ்பிண்டில், தண்ணீரால் குளிரும் 2.2 கிலோவாட் வகை எப்படியிருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விற்ற கடையிலிருந்தே ஆள் வந்து, மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி பெட்டியை இணைத்தார். ஒயரை முறுக்கினார், பொத்தான்களை அழுத்தினார், "ஓட விடுங்கள் அண்ணா" என்றார்.

ஸ்பிண்டில் சுற்றவில்லை, முனகியது. பிட்டைப் பிடிக்கும் காலெட்டின் நட்டு கொஞ்சம் திரும்பும், நிற்கும், மறுபடி திரும்பும். திரையில் சிவப்பு எழுத்தில் 50.00. உடம்பில் கை வைத்தேன். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தும் மேல்பாதி சுட்டது. அடுத்து வார்னிஷ் கருகும் வாசனை. மோட்டார் காயில் கட்டும் கடைப் பக்கம் போனவர்களுக்கு அது என்ன வாசனை என்று தெரியும். மெயினை அணைப்பதற்குள் காயில் போய்விட்டது.

இந்த ஸ்பிண்டில் 400 ஹெர்ட்ஸில் 220 வோல்ட் வாங்கி, நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றுவதற்காகச் செய்யப்பட்டது. விஎஃப்டியில் அடிப்படை அதிர்வெண், அதாவது எத்தனை ஹெர்ட்ஸில் முழு வோல்ட்டையும் கொடுப்பது என்ற எண், 50 என்றே விடப்பட்டிருந்தது. அது தண்ணீர்ப் பம்பு மோட்டாருக்கான எண். 50 ஹெர்ட்ஸில் இந்தச் சுருளுக்கு 28 வோல்ட் அளவுக்குத்தான் கொடுக்க வேண்டும். முழு 220-ஐயும் கொடுத்தால் எரியாமல் என்ன செய்யும்? ஒரே ஓர் எண்ணை மாற்றாததால் புது மோட்டார் போனது. "மோட்டாருக்கு வாரண்டி கிடையாது" என்று கடைக்காரர் போனை வைத்துவிட்டார். இன்று நினைத்தாலும் ஆறவில்லை.

அடுத்து என்ன வாங்குவது என்ற யோசனையில் இருக்கிறேன். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கொட்டாப்புளி, ஆத்தூர்

அண்ணன், உங்கள் வேலைக்கு ஸ்பிண்டிலே எதற்கு? மகிட்டா ஆர்டி0700 போன்ற, கையில் பிடித்து மரம் வெட்டும் சின்ன ரூட்டரை மெஷினில் மாட்டியே வேலை பார்க்கிறேன். 710 வாட், 10,000 முதல் 30,000 சுற்று வரை வேகம் மாற்றலாம், எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. விஎஃப்டி இல்லை, தண்ணீர் டப்பா இல்லை, எண் எதுவும் போட வேண்டியதில்லை. சுவரில் செருகினால் ஓடும்.

எனக்கு மறக்காத இரவு ஒன்று உண்டு. கோயில் கதவுக்கு யாளி வரி செதுக்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை நல்ல நேரத்தில் கதவு ஏற்ற வேண்டும். நள்ளிரவு தாண்டி ரூட்டரின் காற்றுத் துளைக்குள் நீலப் பொறி பறந்தது, சத்தம் கம்மியது, நின்றுவிட்டது. மோட்டாரின் சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் கடைசிவரை தேய்ந்திருந்தது. பக்கவாட்டு மூடி இரண்டையும் ஸ்க்ரூடிரைவரால் கழற்றி, கையிருப்பில் இருந்த புது பிரஷ்களைப் போட்டேன். நிறுத்திய வரியிலிருந்தே வேலை தொடர்ந்தது. விடிவதற்குள் யாளி முடிந்தது. ஸ்பிண்டில் அந்த நேரத்தில் போயிருந்தால் யாரை எழுப்புவது?

மூலைமட்டம், காரைக்குடி

பிரஷ் மாற்றுவதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள் கொட்டாப்புளி. அந்த ரூட்டர் போடும் சத்தத்தைச் சொல்லவில்லையே. எங்கள் தெருவில் பகல் முழுவதும் அது ஓடினால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். அது கிடக்கட்டும், என் கதை மோட்டாரைப் பற்றியதல்ல, காலெட்டைப் பற்றியது.

நிலையின் மேல்கட்டையில் கஜலட்சுமி. பழைய பர்மா தேக்கு, இன்று அப்படி ஒரு கட்டை கிடைக்காது. லட்சுமி முடிந்து இடது யானையும் முடிந்துவிட்டது. வலது யானையின் துதிக்கையில் வெட்டும் சத்தம் மாறியது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் துதிக்கை நடுவே மூன்று மில்லிமீட்டர் ஆழப் பள்ளம். பிட் காலெட்டிலிருந்து நழுவிக் கீழே இறங்கியிருந்தது. மேல்நோக்கித் தூளை இழுக்கும் சுருள் பிட், பிடி தளர்ந்தால் மரத்துக்குள் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும்.

கழற்றி வெர்னியர் வைத்துப் பார்த்தால் பிட்டின் தண்டு 6 மில்லிமீட்டர். "ஆறு" என்று சொல்லிக் கடையில் தந்த காலெட் கால் அங்குலம், அதாவது 6.35. இறுக்கும்போது இறுகியது போலத்தான் இருக்கும். யானையை மறுபடி ஆழமாக்கினால் மற்ற உருவங்களோடு ஒட்டாது. ஆசாரி ஒருவர் தேக்குத் துண்டை இழைத்து ஒட்டி, உளியால் துதிக்கையைத் திருத்திக் கொடுத்தார். பளபளப்பு ஏற்றிய பிறகு வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் தெரிகிறது.

மோட்டார் வாங்குகிறவர்கள் வாட்டைக் கேட்கிறார்கள், காலெட்டைக் கேட்பதில்லை. இஆர்11 அளவுக் காலெட் என்றால் பிட்டின் தண்டு 7 மில்லிமீட்டர் வரைதான். இஆர்20 என்றால் 13 வரை போகலாம்.

மரத்தூள், கோயம்புத்தூர்

என் கதை சின்னது. நண்பர் பட்டறையில் ரூட்டர் மேசை, அதில் வேகம் மாற்ற முடியாத 30,000 சுற்று மோட்டார். கதவுப் பலகை ஓரம் எடுக்கும் 80 மில்லிமீட்டர் அகல பிட்டை அதில் மாட்டியிருந்தார்கள். விசில் போல ஒரு சத்தம், பிறகு பட்டென்று அறைந்தது. பின்சுவர் பிளைவுட்டில் கார்பைடு பல் ஒன்று பாதிவரை புதைந்திருந்தது. அந்த உயரத்தில்தான் சற்று முன் பையன் நின்றிருந்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த பிட்டின் ஓரம் நொடிக்கு 125 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, மணிக்கு 450 கிலோமீட்டர். அதே பிட்டை 10,000 சுற்றில் ஓட்டினால் நொடிக்கு 42 மீட்டர்தான். ஆகவே இழைப்புளி, முதலில் வேகம் குறைக்க முடிகிற மோட்டாரா என்று பாருங்கள்.

செதுக்கும் வேலைக்கும் இதே கணக்குதான். இரண்டு பல் பிட், 30,000 சுற்று என்றால் நிமிடத்துக்கு 60,000 வெட்டு. மெஷின் நிமிடத்துக்கு 1,200 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு வெட்டுக்குக் கிடைப்பது 0.02 மில்லிமீட்டர். அது வெட்டல்ல, உரசல். சீவல் வராது, மாவு வரும், மரம் கருகும், பிட் மழுங்கும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் இன்னும் சீக்கிரம் மழுங்கும். அதே நகர்வில் சுற்றை 12,000-க்குக் குறைத்தால் 0.05 ஆகும். மெஷினின் சட்டம் தாங்கினால் நகர்வையும் கூட்டுங்கள்.

ஆனால் ஸ்பிண்டில் சுற்றைக் குறைத்தால் சக்தியும் குறையும். 24,000-இல் 2.2 கிலோவாட் தருவது 12,000-இல் ஏறக்குறைய 1.1 தான் தரும். எனவே 0.8 கிலோவாட் வாங்கி மெதுவாக ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். எடையையும் பாருங்கள். 2.2 கிலோவாட் தண்ணீர் ஸ்பிண்டில் ஐந்து கிலோ அளவுக்கு வரும். மேலும் கீழும் போகும் அச்சு மெலிதாக இருந்தால் மின்சாரம் போகும்போது அது தானாக இறங்கும், பிட் மரத்தில் குத்தி நிற்கும். காற்றில் குளிரும் ஸ்பிண்டில் என்றால், தண்டோடு சுற்றும் விசிறி வகையை நெடுநேரம் குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டாம். விசிறியும் மெதுவாகிவிடும், சூடு ஏறும்.

வாச்சி, நாகர்கோவில்

மரத்தூள் அண்ணாச்சி, கணக்கு சரி. ஆனால் இழைப்புளியின் மோட்டார் சுற்றவே ஆரம்பிக்கவில்லை. அவருக்கு வேண்டியது சீவல் தடிமன் அல்ல, இணைப்பைச் சரிபார்க்கும் முறை.

என் மெஷினில் ஸ்பிண்டிலைப் போட்ட நொடியே அச்சு எல்லையைத் தொட்டால் மெஷினை நிறுத்தும் லிமிட் சுவிட்சு தட்டியதாகச் சொல்லி எல்லாம் நின்றுவிடும். சுவிட்சு பக்கம் ஒரு தூசிகூட இல்லை. ஒருநாள் காலில் செருப்பில்லாமல் நின்று ஸ்பிண்டில் தட்டைத் தொட்டேன். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை விறுவிறுத்தது. மெயினை அணைத்து, மீட்டர் வைத்துப் பார்த்தால் ஸ்பிண்டில் பிளக்கில் எர்த்துக்கான நான்காவது பின் உள்ளே எங்கும் போகவில்லை. ஸ்பிண்டில் உடம்புக்கு எர்த்தே கிடையாது. உறைக்கம்பி போட்ட கேபிள் வாங்கி, உறையை எர்த்தில் கட்டி, ஸ்பிண்டில் உடம்பிலிருந்து தனி எர்த் ஒயர் இழுத்தேன். அதிர்ச்சியும் போனது, பொய்யாகத் தட்டும் சுவிட்சும் ஒழிந்தது.

புதுப் பெட்டியைப் பிரித்ததும் மின்சாரம் கொடுக்கும் முன்பே இந்த மீட்டர் சோதனையைச் செய்யுங்கள்.

கொட்டாப்புளி, ஆத்தூர்

இத்தனை சோதனை செய்து வாங்குவதற்கு இரண்டு ரூட்டர் வாங்கி ஒன்றை அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். சத்தத்துக்கு மெஷினைச் சுற்றிப் பெட்டி கட்டியிருக்கிறேன், மூலைமட்டம். தெருவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இழைப்புளி, திண்டுக்கல்

எல்லோருக்கும் நன்றி. கொட்டாப்புளி தம்பி, ஒரு கதவு முழுநாள் ஓடும் வேலை எனக்கு. பிரஷ் மோட்டார் அதைத் தாங்காது என்றே நினைக்கிறேன். மறுபடியும் 2.2 கிலோவாட் தண்ணீர் ஸ்பிண்டில்தான், இஆர்20. இம்முறை விஎஃப்டியில் அடிப்படை அதிர்வெண், உச்ச அதிர்வெண் இரண்டையும் 400 என்று என் கையாலேயே போட்டுவிட்டுத்தான் மோட்டார் ஒயரையே இணைப்பேன். வாச்சி சொன்ன நான்காவது பின்னை, எரிந்துபோன பழைய ஸ்பிண்டிலில் இப்போதுதான் பார்த்தேன். அதிலும் எர்த் இல்லை.

மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் லைனில் வோல்டேஜ் 190-க்கு இறங்குகிறது. சிங்கிள் பேஸில் 2.2 கிலோவாட் ஓட்டுகிறவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள்?