புதுப்பிப்பு: அந்த 2.36 வோல்ட் எங்கிருந்து வந்தது

போன கிழமை இங்கே புலம்பியிருந்தேனே, நாகம் (zinc)–வெள்ளி மின்கலத்தின் வோல்ட் அளவைக் கணக்கிட்டால் எனக்கு 2.36 வோல்ட் வருகிறது, விடைத்தாளில் 1.56 என்று இருக்கிறது என்று. பிழை என்னுடையதுதான். இலத்திரன்களைச் சமப்படுத்த வெள்ளியின் அரைத்தாக்கத்தை (அந்த மின்வாயில் நடக்கும் பாதித் தாக்கத்தின் சமன்பாட்டை) 2ஆல் பெருக்கினேன், அதோடு வெள்ளியின் மின்வாய் அழுத்தமான 0.80 வோல்ட்டையும் 1.60 ஆக்கிவிட்டேன். சமன்பாட்டைப் பெருக்கலாம், மின்வாய் அழுத்தத்தைப் பெருக்கக் கூடாது. இலத்திரன் இரட்டித்தால் சக்தியும் இரட்டிக்கும். வோல்ட் என்பதோ ஓரலகு ஏற்றத்துக்கான சக்தி, அது மாறாது. வெள்ளியின் 0.80இலிருந்து நாகத்தின் −0.76ஐக் கழிக்க வேண்டும்: 0.80 − (−0.76) = 1.56, அவ்வளவுதான். வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றபடி டியூட்டின் (வகுப்பில் தந்த பயிற்சித்தாளின்) பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.



இதைவிட வெட்கம், சோதனை முடிவுகளை வைத்து அறியாத உப்பில் எந்த உலோகம் என்று கண்டுபிடிக்கும் கேள்விதான். வெள்ளை வீழ்படிவு (கரைசலில் உருவாகும் திண்மம்) மிகையான சோடியம் ஐதரொட்சைட்டில் கரைந்தது என்றதும் அலுமினியம் என்று எழுதிவிட்டேன். நாகமும் அப்படிக் கரையும். மிகை அமோனியாவிலும் கரைந்தது என்று அடுத்த வரியிலேயே இருந்திருக்கிறது! அலுமினியம் ஐதரொட்சைட்டு அதில் கரையாது, ஆகவே விடை நாகம். “கேள்வியை முழுசா வாசிங்கோ தம்பி” என்று என் போன பதிவுக்குப் பதில் எழுதிய அண்ணாவுக்கு நன்றி, கொஞ்சம் கோபமும்.