என்.பி.ஏ.வில் ஸோன் டிஃபென்ஸை ஏன் ஆட்டம் முழுக்க ஆடுவதில்லை?

ஆறாவது ஆள்:

நண்பர்களே, ரொம்ப நாளாக அரிக்கும் சந்தேகம். நான் கூடைப்பந்துப் பயிற்சி கொடுக்கும் பதினாறு வயதுப் பையன்கள் 2-3 ஸோனை (முன்னால் இருவர், பின்னால் மூவர் நின்று, ஆளுக்குப் பதில் இடத்தைக் காப்பது) வைத்தே பாதி ஆட்டங்களை ஜெயிக்கிறார்கள். எதிரணியில் தூரத்திலிருந்து போடத் தெரிந்தவன் ஒருவனோ இருவரோதான் இருப்பார்கள். பெயின்டை, அதாவது கூடைக்கு முன்னுள்ள கட்டத்தை, அடைத்துவிட்டால் ஆட்டம் நம் கையில். ஆனால் அமெரிக்க லீக்கான என்.பி.ஏ.வில் ஓர் அணி ஸோனுக்குப் போகிறது, எதிரணி இரண்டு மூன்று முறை திணறுகிறது, நானும் ‘பிடித்துவிட்டார்கள்டா’ என்று நிமிர்ந்து உட்காருகிறேன். அடுத்த டைம் அவுட் முடிந்து வந்தால் மறுபடி மேன் டு மேன், ஆளுக்கு ஆள் காவல். வேலை செய்கிற ஒன்றை ஏன் விடுகிறார்கள்? ஸோனுக்கே தடை உண்டு என்று ஒருவர் சொன்னார். அது இன்னும் இருக்கிறதா?

விதிப்புத்தகம்:

தடை இருந்தது, இப்போது இல்லை. லீக் பிறந்த முதல் சீசனிலேயே, 1947 ஜனவரியில், ஸோனைத் தடை செய்தார்கள். 2001-02 சீசனில்தான் எடுத்தார்கள். எடுத்த கையோடு ஒரு கொக்கியும் போட்டார்கள்: டிஃபென்சிவ் த்ரீ செகண்ட்ஸ். கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஆளைக் காக்காமல் எந்தத் தடுப்பாட்டக்காரரும் பெயின்டுக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காத எறிதல்), பந்தும் அவர்களிடமே. உங்கள் பையன்கள் ஆடுவது சர்வதேசக் கூடைப்பந்துச் சங்கமான ஃபீபாவின் விதி என்றால் அதில் இந்தக் கணக்கே கிடையாது. பாதி பதில் இதிலேயே வந்துவிட்டது.

பழைய சென்டர்:

மீதிப் பாதியை நான் சொல்கிறேன் தம்பி. பத்து வருடம் 2-3 ஸோனின் நடுவில் நின்றவன் நான். ஃபீபா விதிதான், அதனால் கூடைக்கு அடியில் பாய் விரித்தவன் மாதிரி அசையாமல் கிடப்பேன். என்.பி.ஏ. சென்டருக்கு அந்தச் சுகம் இல்லை. அடுத்த முறை பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு அவர் காலைப் பாருங்கள். கோட்டுக்கு வெளியே ஓர் எட்டு வைத்துவிட்டு உள்ளே வருவார், மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. இதற்கு ‘டூ பாயின்ட் நைன்’ என்றே பேர்; 2.9 விநாடி நிற்கலாம், மூன்று ஆகக் கூடாது. அவர் வெளியே கால் வைக்கும் நேரம் பார்த்து பாஸ் உள்ளே விழும்.

ஆனால் விதியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஸோன் மேல் இருந்த காதல் போனது ஓர் அரையிறுதியில். ஒரு புள்ளி முன்னிலை, கடைசி சில விநாடிகள். எதிரணி பந்தை வெளியிலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்து, வழியே கிடைக்காமல், கார்னரிலிருந்து ஒரு மோசமான ஷாட் போட்டது. நான் பாக்ஸ் அவுட் பண்ண, அதாவது எதிரணிக்காரனைப் பந்துக்கு வரவிடாமல் முதுகால் மறிக்க, முதுகைத் திருப்பினேன். முதுகில் உரச ஆளே இல்லை! மேன் டு மேனில் ‘என் ஆள்’ என்று ஒருவன் இருப்பான், பந்து மேலே போனதும் அவன் மேல் சாய்ந்துவிடலாம். ஸோனில் இடம்தான் நமக்குச் சொந்தம், ஆள் யாருக்கும் சொந்தமில்லை. எங்கள் இடப்பக்க ஃபார்வர்டு என்னைப் பார்க்க, நான் அவனைப் பார்க்க, நடுவில் ஒரு குட்டையான கார்டு புகுந்து பந்தைத் தட்டி உள்ளே போட்டுவிட்டான். நல்லாத்தான் தடுத்தோம், தோற்றோம். அந்த கார்டின் உயரத்தை என் அணிக்காரர்கள் இன்றைக்கும் எனக்கு நினைவுபடுத்துவார்கள், அது வேறு கதை.

அப்புறம் ஷூட்டர்கள். உங்கள் பையன்களுக்கு எதிரே ஒருவனோ இருவரோ என்கிறீர்கள். என்.பி.ஏ.வில் மூன்று புள்ளிக் கோடு நேரெதிரே 23 அடி 9 அங்குலம், கார்னரில் 22 அடி. அங்கிருந்து சென்டர்கூடப் போடுகிற காலம் இது. அவர்கள் செய்வது இதுதான். ஒருவன் ஃப்ரீ த்ரோ கோட்டருகே, ஸோனின் வயிற்றில், வந்து நின்று பந்தை வாங்குவான். முன்வரிசை இரண்டு பேரும் அவனுக்கு முதுகு காட்டி நிற்பார்கள். இப்போது நடு ஆள் ஏறிப் போக வேண்டும். ஏறினால் அவர் முதுகுக்குப் பின்னால், பேஸ்லைனில் (கூடைக்குப் பின்னுள்ள எல்லைக்கோட்டில்) காத்திருப்பவனுக்கு ஒரு பாஸ், டங்க். ஏறாவிட்டால் பதினைந்து அடியில் கை மறிக்காத ஷாட். பின்வரிசை ஃபார்வர்டு உதவிக்கு உள்ளே ஒடுங்கினால் கார்னர் திறந்துவிடும். இந்த மூன்றில் எதைக் கொடுப்பது என்று அரை விநாடியில் முடிவு செய்ய வேண்டும். நான் பெரும்பாலும் தப்பாகத்தான் முடிவு செய்தேன்.

அப்படியானால் எதற்கு ஆடுகிறார்கள் என்றால், கடிகாரத்தைத் தின்ன. பிக் அண்ட் ரோலுக்கென்று (ஒருவர் தடுப்பவரை மறித்துவிட்டுக் கூடைப் பக்கம் ஓடும் ஆட்டம்) மனப்பாடம் செய்த செட்டோடு, பந்தைக் கொண்டுவரும் பாயின்ட் கார்டு வருகிறார்; எதிரே ஸோன். கையைக் காட்டுகிறார், ஆட்களை இடம் மாற்றுகிறார், ‘இது ஸோன்தானா?’ என்று உறுதி செய்ய ஒரு பாஸ் போட்டுப் பார்க்கிறார். ஷாட் போடக் கிடைக்கும் 24 விநாடியில் ஏழெட்டு போய்விட்டது. 2011 இறுதித் தொடரில் டல்லாஸ் இதைத்தான் மயாமி மேல் செய்தது. டல்லாஸ் பயிற்சியாளர் ரிக் கார்லைல் ஆட்டம் முழுக்க ஸோன் வைக்கவில்லை. நடுவில் சென்டர் டைசன் சாண்ட்லரை நிறுத்தி, அவ்வப்போது போட்டு, எடுத்து, மறுபடி போட்டார். மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் அந்தத் தொடரில் ஆட்டத்துக்கு 17.8 புள்ளிதான். அதற்கு ஸோன் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர் யோசித்துக்கொண்டே ஆடியது கண்ணுக்குத் தெரிந்தது.

கார்னர் த்ரீ:

அண்ணா, கொஞ்சம் மறுக்கிறேன். 2020 கிழக்குப் பிரிவு இறுதி, மயாமி - பாஸ்டன், இரண்டாவது ஆட்டம். இடைவேளையில் பாஸ்டன் 13 புள்ளி முன்னே. மயாமி 2-3 ஸோனில் விடாப்பிடியாக நின்றது. மூன்றாவது குவார்ட்டர் மயாமிக்கு 37-17. மயாமி பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா செய்த தந்திரம், வழக்கமாக கார்டுகள் நிற்கும் முன்வரிசையில் ஜிம்மி பட்லர் மாதிரி நீண்ட கைக்காரர்களை நிறுத்தியது. நீங்கள் சொல்கிற, ஃப்ரீ த்ரோ கோட்டருகே போகும் அந்த ஹை போஸ்ட் பாஸே போக வழியில்லை. பாஸ்டனில் ஷூட்டர்களுக்கு என்ன பஞ்சமா? அதனால் ஸோன் என்றால் இடையில் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் என்று ஒதுக்க முடியாது.

பழைய சென்டர்:

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஸோனின் நடுவில் நின்றது யார்? பாம் அடெபாயோ. மூன்று பேர் வேலையை ஒருவர் பார்த்தார். எனக்கு அந்தக் கால் இருந்திருந்தால் அரையிறுதி தோற்றிருக்க மாட்டோம்.

விசித்திரமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019 இறுதித் தொடர் இரண்டாவது ஆட்டம். கோல்டன் ஸ்டேட்டின் கிளே தாம்சன் காயத்தோடு வெளியேறியதும் டொரான்டோ பயிற்சியாளர் நிக் நர்ஸ் பாக்ஸ் அண்ட் ஒன் போட்டார்: ஸ்டெஃபன் கரியோடு ஒருவர் ஒட்டிக்கொள்ள, மீதி நால்வர் சதுரமாக ஸோன். பள்ளிப் பையன்கள் ஆடுவது என்று கேலி செய்யப்படும் தடுப்பு. கோல்டன் ஸ்டேட் ஐந்து நிமிடத்துக்கும் மேல் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கடைசி விநாடிகளில் தனியாக விடப்பட்ட இகுவடாலா ஒரு த்ரீ போட்டு 109-104 என்று முடித்தார். யாரை விடலாம் என்று கணக்குப் போட்டு விட்டார்களோ, அவரே போட்டுவிட்டார்.

ஆறாவது ஆள்:

அருமை அண்ணா. அப்படியானால் என் பையன்களுக்கு நாளைக்கே என்ன மாற்றுவது?

பழைய சென்டர்:

ஸோனை மாற்றாதீர்கள், நன்றாகத்தானே போகிறது. பயிற்சியில் ஷாட் போனவுடன் ஐந்து பேரும் பந்தைப் பார்க்காமல், பக்கத்தில் இருக்கும் எதிரணிக்காரனின் எண்ணைச் சத்தமாகக் கத்த வேண்டும். கத்தியவனே அவனை இடித்து வெளியே தள்ள வேண்டும். ஒரே எண்ணை இரண்டு பேர் கத்தினால் திரும்ப ஆரம்பம். முதல் வாரம் சந்தைக்கடை மாதிரி இருக்கும். எங்களுக்கு இதைச் சொல்லித்தர யாருமில்லை.