ஒரு லட்சம் ரூபாயில் தம்பிக்கு ஒரு கேமிங் கணினி: கடையில் தந்த கொட்டேஷன் சரிதானா?

அறந்தாங்கி ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுப் பொறியியல் கல்லூரியில் சேரவிருக்கும் என் தம்பிக்கு, விளையாட்டுக்கும் படிப்புக்கும் சேர்த்துப் பயன்படும் ஒரு மேசைக் கணினியை நாங்களே வீட்டில் அசெம்பிள் செய்ய விரும்புகிறோம். இது இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் அவனுக்குக் கொடுத்த வாக்கு. மதிப்பெண் எடுத்து அவன் தன் பங்கை முடித்துவிட்டான். ஒரு லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். அதற்கு மேல் ஆயிரம் ரூபாய் கூட்டுவதும் இப்போதைக்குக் கடினம். 24 அங்குல, 1080பி, 75 ஹெர்ட்ஸ் மானிட்டரும் கீபோர்டும் மவுசும் வீட்டில் இருக்கின்றன.

அவன் பெரும்பாலும் ஆடுவது வேலரன்ட் என்னும் துப்பாக்கிச் சுடும் ஆட்டம். சைபர்பங்க் 2077 போன்ற கனமான ஆட்டங்களையும் ஆடிப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளைக் கற்றுக்கொள்ளவும் தொடங்கியிருக்கிறான்.

பக்கத்து நகரத்துக் கடையொன்றில் தந்த கொட்டேஷன் இது: கோர் ஐ7-14700 பிராசசர், பி760 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் ஒன்று, 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, முன்பக்கம் முழுவதும் கண்ணாடி பதித்து வண்ண விளக்குகள் வைத்த கேபினட், அந்தக் கேபினட்டோடு சேர்ந்தே வரும் 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி). ஐ7 போட்டுவிட்டால் பல வருடங்களுக்குக் கவலையே இல்லை என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்கிறார். இதை வாங்கலாமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு ஊரின் கடைசியில், வயல்களை ஒட்டி இருக்கிறது. மோட்டார்கள் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் குறைந்து விளக்குகள் மங்கும். பழைய கணினியின் கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கும். இதற்கும் புதிய கணினிக்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

வைகைக்கரை:

வணக்கம் ஐயா. தம்பிக்கு வாழ்த்துகள். அந்தக் கொட்டேஷனை வாங்க வேண்டாம். அதில் உள்ள பொருள்கள் போலியானவை அல்ல. ஆனால் பணம் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

ஐ7-14700 என்பது 20 கோர்கள் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) கொண்ட பெரிய பிராசசர். ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகையோ 70 வாட்டுக்குள் இயங்கும்படி 2024-இல் வெளியிடப்பட்ட சிறிய கார்டு. அதே பெயரில் முன்பே இருந்த 8 ஜிபி வகையைவிட வேகம் குறைந்தது. கனமான ஆட்டத்தில் ஒவ்வொரு காட்சியையும் வரைந்து முடிக்கும் பெருஞ்சுமை கிராபிக்ஸ் கார்டின் மேல்தான் விழும். கார்டு வரைந்து முடிக்கும்வரை பிராசசர் காத்திருக்கும். 20 கோர்கள் இருந்தாலும் காத்திருப்பது காத்திருப்பதுதான். விளையாட்டுக்கென்று கட்டும் கணினியில் மொத்தப் பணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகவேண்டும் என்பது என் கணக்கு. உங்கள் கொட்டேஷனில் அந்தப் பங்கு பிராசசருக்குப் போய்விட்டது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரைசன் 5 7600 பிராசசரை எடுப்பேன். 6 கோர்கள், 65 வாட் வகை, கூலர் பெட்டியிலேயே வரும். 7500எஃப் என்று சற்று மலிவான ஒன்று உண்டு. ஆனால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. என்றாவது கிராபிக்ஸ் கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால், 7600 வைத்திருப்பவர் மதர்போர்டிலேயே மானிட்டரை இணைத்துக் கல்லூரி வேலையைத் தொடரலாம். வீட்டில் வேறு கணினி இல்லாதவருக்கு இது சிறிய வசதி அல்ல.

இந்தப் பிராசசர் அமரும் ஏஎம்5 சாக்கெட் 2022-இல் வந்தது. 2027-ஐத் தாண்டியும் அதற்கு ஆதரவு தருவதாக, ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் அறிவித்திருக்கிறது. இதற்கு முந்தைய ஏஎம்4 சாக்கெட்டில், 2017-இல் முதல் ரைசன் வாங்கியவர்கள் பலர் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) மட்டும் புதுப்பித்து 2022-இன் 5800எக்ஸ்3டி பிராசசர் வரை அதே மதர்போர்டில் பொருத்திக்கொண்டார்கள். ஐ7-14700 அமரும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 14-ஆம் தலைமுறையோடு பாதை முடிந்துவிட்டது. மேலும், இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைப் பிராசசர்கள் சிலவற்றில், தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு நாளடைவில் நிலைகுலையும் குறை கண்டறியப்பட்டு, 2024-இல் மைக்ரோகோட் (பிராசசரின் உள் மென்பொருள்) திருத்தமும் கூடுதலாக இரண்டு ஆண்டு வாரண்டியும் தரப்பட்டன. திருத்தப்பட்ட பயாஸோடு அவற்றைப் பயன்படுத்தலாம்; முதல்முறை அசெம்பிள் செய்பவருக்கு அந்தக் கவலை எதற்கு என்றே நினைக்கிறேன்.

கிராபிக்ஸ் கார்டில் இரண்டு தேர்வுகள் உங்களுக்கு உண்டு: 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060, அல்லது 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. விளையாட்டு மட்டும் என்றால் இரண்டாவதையே சொல்வேன், ஏனெனில் புதிய ஆட்டங்கள் சிலவற்றில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்பு நுணுக்கம்) உச்சத்தில் வைத்தால் 1080பி-யிலேயே 8 ஜிபி போதாமல் போகிறது. ஆனால் பிளெண்டரில் ரெண்டர் செய்யும்போது (உருவாக்கிய காட்சியை இறுதிப் படமாக மாற்றும்போது) ஆர்டிஎக்ஸ் பெயரில் வரும் என்விடியா கார்டுகள் தெளிவாக முந்துகின்றன. தம்பி பிளெண்டரை உண்மையாகவே கற்கப் போகிறார் என்றால் 5060-ஐ எடுத்து, கனமான ஆட்டங்களில் டெக்ஸ்சரை ஒரு படி குறைத்துக்கொள்ளலாம். இதை அவரிடமே கேட்டுவிடுங்கள்.

மதர்போர்டு பி650 போதும். எஸ்எஸ்டி 1 டிபி வாங்குங்கள். 100 ஜிபியைத் தாண்டும் ஆட்டங்கள் வந்துவிட்ட நிலையில் 512 ஜிபி மூன்றே மாதத்தில் நிரம்பிவிடும். ரேம் 8 ஜிபி இரண்டு. கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இருக்கக் கூடாது, வலையாக இருக்க வேண்டும். சித்திரை மாதத்துப் பகலில் அறையே 38 பாகைக்கு வந்துவிடும் நம் ஊரில், காற்று நுழைய வழியில்லாத பெட்டிக்குள் நல்ல பொருளை வைப்பது அதற்குச் செய்யும் கெடுதல். முன்னால் இரண்டு விசிறிகள் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, வலைக்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருந்தால் போதும்.

செப்புக்கம்பி:

வைகைக்கரை சொன்னவற்றில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நீங்கள் கேள்வியின் கடைசியில் சேர்த்த அந்தச் சில வரிகள்தான் என்னை எழுத வைத்தன. வயரிங் தொழிலில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். பழுதான கணினிகளை எடுத்துக்கொண்டு வருபவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பாதிப்பேர் வீட்டில் குற்றவாளி சுவரில் இருக்கிறது.

கேபினட்டைத் தொட்டால் சுருசுருப்பது எர்த் இல்லை என்பதற்கான அடையாளம். எஸ்எம்பிஎஸ்ஸின் உட்புறத்தில் மின்னிரைச்சலை வடிகட்டும் சிறிய கெப்பாசிட்டர்கள் லைன், நியூட்ரல் இரண்டிலிருந்தும் உலோக உடலுக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அந்த மிகச் சிறிய கசிவு மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் முழுவதும் ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதந்து நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருசுருப்போடு நின்றுவிடுகிறது. ஆனால் நாளைக்கு உள்ளே உண்மையிலேயே ஒரு கம்பி உடலைத் தொட்டுவிட்டால், அதைத் தடுக்க உங்கள் வீட்டில் எதுவும் இல்லை என்பதுதான் அதன் பொருள். ஒரு பைசாவுக்குப் புதிய பொருள் வாங்கும் முன் இதைச் சரிசெய்யுங்கள்.

ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து, அந்தப் பிளக் பாயின்டில் லைனுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ள அதே அளவு, சற்றே கூடக்குறைய, அங்கும் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் நிற்கக் கூடாது. பல வீடுகளில் மூன்று ஓட்டைப் பிளக் இருக்கும். பின்னால் மூன்றாவது கம்பியே வந்திருக்காது. எக்ஸ்டென்ஷன் பெட்டிகளிலும் இதே கதைதான். எர்த் சரியானதும் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் மெயின் போர்டில் போடச் சொல்லுங்கள்.

அடுத்து எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு இலவசம்போல் வரும் அந்த 450 வாட் பெட்டியை நம்ப வேண்டாம். மேலே ஒட்டிய எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சரக்குக்கும் பல நேரம் உறவே இருக்காது. நீங்கள் எடுக்கப்போகும் 5060 கார்டு 145 வாட், பிராசசர் உச்சத்தில் 88 வாட், மற்றவை எல்லாம் சேர்த்து 300 வாட்டுக்குள் அடங்கும். நல்ல நிறுவனத்தின் 550 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளமாகப் போதும்; நாளை பெரிய கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால் 650. '80 பிளஸ்' முத்திரை இருந்தால் தரமானது என்று பலர் எண்ணுகிறார்கள். அது எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போகிறது என்பதற்கான சான்று மட்டுமே. அதுவும் 23 பாகை வெப்பத்தில் அளக்கப்படுவது. நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு: உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறதா, முழுத் திறனும் 40 அல்லது 50 பாகையில் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறதா, ஐந்து ஆண்டு வாரண்டியாவது உண்டா. 200 முதல் 240 வோல்ட் மட்டும் ஏற்கும் மலிவு வகைகளும் விற்பனையில் உள்ளன; மோட்டார் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் 180-க்குக்கூட இறங்கக்கூடிய உங்கள் ஊரில் அவை கணினியைத் திடீர் திடீரென்று அணைத்துவிடும்.

யூபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள். 600 விஏ யூபிஎஸ் தருவது பெரும்பாலும் 360 வாட்தான். கணினியும் மானிட்டரும் சேர்ந்து விளையாட்டின் நடுவே அதன் விளிம்பைத் தொட்டுவிடும். 1000 விஏ, 600 வாட் வகை பாதுகாப்பானது. வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால், அது சீரான அலையாக மின்சாரம் தரும் சைன் வேவ் வகையா என்று பார்த்து, யூபிஎஸ் மோடில் வைத்துப் பயன்படுத்தலாம். சாதாரண மோடில், மின்சாரம் போனதும் பேட்டரிக்கு மாறும் நேரம் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்கும் நேரத்தைவிட அதிகமாகி, கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

நெல்லைச் சீமை:

ரேம் பற்றி மட்டும் வைகைக்கரையோடு வேறுபடுகிறேன். 2025-இன் கடைசி மாதங்களில் தொடங்கிய நினைவக விலையேற்றத்தில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போக, நம்மைப் போன்றோர்க்கு ரேம்தான் பட்ஜெட்டை உடைக்கும் பொருளாகிவிட்டது. டிடிஆர்4-இன் விலையும் ஏறிவிட்டதால் டிடிஆர்4 ஏற்கும் பழைய வகை மதர்போர்டுக்குப் போயும் தப்ப முடியாது. இந்த நிலையில் 8 ஜிபி இரண்டு வாங்கினால், பின்னால் 32 ஜிபி ஆக்க நினைக்கும்போது இரண்டு வழிதான்: இரண்டையும் கழற்றி விற்பது, அல்லது மேலும் இரண்டைச் சேர்ப்பது. ஏஎம்5-இல் நான்கு ரேம்களையும் நிரப்பினால் இந்தப் பிராசசருக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600-க்கு இறங்கிவிடும். எனவே இப்போது 16 ஜிபி ஒன்று, விலை தணிந்தபின் அதே மாடலில் இன்னொன்று என்பதே சிக்கனம்.

வைகைக்கரை:

உங்கள் கணக்கு சரி. ஆனால் ஒற்றை ரேம் போட்டால் பிராசசருக்கும் ரேமுக்கும் இடையே தரவு போகும் பாதையின் அகலம் பாதியாகிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வேகமான ஆட்டம் ஆடுபவர் அதைக் கண்ணாலேயே உணர்வார். ஐயாவிடம் இருப்பது 75 ஹெர்ட்ஸ் என்பதை நான் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டேன். நொடிக்கு 75 காட்சிகள் மட்டுமே தெரியும் திரையில், வேலரன்ட் ஒற்றை ரேமிலும் அதைத் தாண்டிவிடும். சைபர்பங்க்கில் கிராபிக்ஸ் கார்டுதான் எல்லையாக நிற்கும். ஆகவே இவருக்கு உங்கள் யோசனையே பொருந்துகிறது. மதர்போர்டுக் கையேட்டில் ஒற்றை ரேமுக்கு எந்த ஸ்லாட் என்று குறித்திருப்பார்கள், பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது, அதிலேயே செருகுங்கள்.

அறந்தாங்கி ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. முதலில் செப்புக்கம்பி ஐயா சொன்னபடி எலக்ட்ரீஷியனை அழைத்தேன். பிளக்கின் பின்னால் எர்த் கம்பி வந்திருந்தது; ஆனால் வெளியே மண்ணுக்குள் போகும் இடத்தில் துருப்பிடித்து அறுந்து கிடந்தது. புதிய எர்த் போட்டு, ஆர்சிசிபியும் வைத்தாயிற்று. பழைய கணினியில் இப்போது சுருசுருப்பு இல்லை. அம்மா அதன் அருகில் போகவே அஞ்சுவார்; நேற்று அவரே அதைத் துடைத்துவைத்தார்.

தம்பியிடம் கேட்டதில் பிளெண்டரை விடப்போவதில்லை என்றான். ரைசன் 5 7600, பி650, 16 ஜிபி ரேம் ஒன்று, ஆர்டிஎக்ஸ் 5060, 1 டிபி எஸ்எஸ்டி, 650 வாட் எஸ்எம்பிஎஸ், வலை முகப்புக் கேபினட் என்று முடிவு செய்திருக்கிறோம். வரும் ஞாயிறு அசெம்பிள் செய்யப்போகிறோம். கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

வைகைக்கரை:

ஏஎம்5-இல் ஊசிகள் மதர்போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. அங்கே விரலோ துணியோ படக்கூடாது. பிராசசரின் மூலையில் உள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்தி, அழுத்தாமல் வையுங்கள். மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். மதர்போர்டில் செருகிவிட்டு ஆட்டம் மெதுவாக ஓடுகிறது என்று வருந்துவோர் ஏராளம்.

முதல்முறை சுவிட்சைப் போட்டதும் திரை சில நிமிடங்கள் இருண்டே இருக்கும். டிடிஆர்5 ரேமின் சமிக்ஞை நேரங்களை மதர்போர்டு அளந்து பழகிக்கொள்ளும் நேரம் அது. பதறி அணைத்துவிட வேண்டாம். விண்டோஸ் போடும் முன் பயாஸுக்குள் சென்று, ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்குங்கள். இல்லாவிட்டால் 6000 வேகத்துக்குப் பணம் கொடுத்த ரேம் 4800-இலேயே ஓடிக்கொண்டிருக்கும். எல்லாப் பொருள்களுக்கும் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்கி, வரிசை எண்கள் தெரியும்படி பெட்டிகளைப் படமெடுத்து வையுங்கள்.

அறந்தாங்கி ஆசிரியர்:

ஞாயிறு மதியம் தொடங்கி இரவு எட்டு மணிக்கு முடித்தோம். சுவிட்சைப் போட்டபின் நான்கு நிமிடம் திரை இருண்டிருந்தது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நீங்கள் முன்பே சொல்லியிராவிட்டால் அணைத்திருப்பேன். முதலில் 4800 என்றுதான் காட்டியது, எக்ஸ்போவை இயக்கியதும் 6000 ஆனது. சைபர்பங்க்கில் ஒரு மணி நேரம் ஆடியபின் பிராசசர் 78 பாகை, கிராபிக்ஸ் கார்டு 67 பாகை. யூபிஎஸ்ஸுக்கு அடுத்த மாதச் சம்பளத்தில் பணம் ஒதுக்கியிருக்கிறேன். அதுவரை மோட்டார் ஓடும் மாலை நேரத்தில் கணினியைப் போடக்கூடாது என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.