குடைமிளகாய் பூ வந்தாச்சு, உரத்தை எப்படி மாத்தறது?

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். சேலம் கருப்பூர்ல மாடி ரூம்ல எல்இடி லைட் போட்டு, கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) பையில குடைமிளகாய் வளர்க்கிறேன். இதுவரைக்கும் தழை, மணி, சாம்பல்சத்து மூணும் சமமா இருக்கிற 19:19:19 உரம்தான். பூ வந்ததும் தழைச்சத்தைக் குறைச்சு சாம்பல்சத்தை ஏத்தணும்னு 13:0:45 வாங்கி வச்சிருக்கேன்.

குழப்பமே தண்ணியிலதான். எங்க பக்கம் மேக்னசைட் (மெக்னீசியம் இருக்கிற தாது) பூமி. போர் தண்ணியைக் கொதிக்க வச்சா பாத்திரத்துல வெள்ளையா படியுது. உரம் போடாமலே டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்போட அளவு) மீட்டர் 900 காட்டுது. மெக்னீசியம் கூடினா வேர் கால்சியத்தைச் சரியா எடுக்காதில்லையா? இளம் இலையெல்லாம் நுனி கருகி சுருளுது. முதல் பிஞ்சோட அடியில பழுப்பா, அமுங்கின மாதிரி ஒரு திட்டு.

எப்சம் உப்பை (மெக்னீசியம் சல்பேட்) அடியோட நிறுத்திடவா? ஆர்ஓ தண்ணி பாதி கலந்தா போதுமா? கால்சியம் நைட்ரேட்டைத் தனி வாளியிலதான் கரைக்கிறேன், சல்பேட், பாஸ்பேட் உரத்தோட சேர்த்தா அடியில திப்பியா தங்கிடுது. பைக்கு அடியில வடியிற தண்ணியோட டிடிஎஸ், ஊத்துறதைவிட எவ்வளவு ஏறினா அலசி விடணும்?

உரக்கடையில கேட்டா பூ டானிக் பாட்டிலைத்தான் நீட்டுறாங்க. அது வேண்டாம். கோகோபீட்ல வளர்த்தவங்க சொல்லுங்க. மண்ணுக்குச் சொல்ற அளவு இதுக்கு ஒத்துவராது.